புதுக்கடையில் 'றிட்' நிறுத்தும் சேவை: எந்தப் பிணை தாங்கும், எது நடுவழியில் கழலும்

கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தோற்றவர் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் எந்தச் சட்டத்தரணியின் கந்தோர்ப் படியில் ஏறினாலும் காதில் விழும் வசனம், "அப்பீல் போட்டால் றிட் நிற்கும்" என்பது. றிட் என்றால் தீர்ப்பை நிறைவேற்ற நீதிமன்றம் தரும் ஆணை. அது நிற்காது. 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இதை ஒளிக்காமல் சொல்கிறது: மேன்முறையீடு செய்தது மட்டும் தீர்ப்பின் நிறைவேற்றலை நிறுத்தாது. மாவட்ட நீதிபதி பொருத்தமென்று கண்டு கட்டளையிட்டால்தான் நிற்கும். அப்படிக் கட்டளையிடும்போது மேன்முறையீட்டாளர் பிணைமுறி எழுதிக் கொடுக்க வேண்டும். ஆள்பிணையாளர் வேண்டுமா இல்லையா என்பதும் நீதிபதியின் கையில்தான்.

ஆக, ஒரே கட்டணச் சீட்டில் இரண்டு தனித்தனிச் சேவைகள் விற்கப்படுகின்றன. ஒன்று மேன்முறையீடு. மற்றது, அது தீர்க்கப்படும்வரை எதிராளி வீட்டையோ கடையையோ வங்கிக் கணக்கையோ தொடாமல் தடுக்கும் விண்ணப்பம். இங்கே பார்க்கப்போவது இரண்டாவதை. அதிலும் முக்கியமாக, நீதிமன்றத்திடம் கொடுக்கும் பிணையை. வாதத்துக்குக் கொட்டும் காசில் கால்வாசியைப் பிணைக் கடதாசியைச் சரியாக எழுதுவதற்குச் செலவழித்தால் போதும், இந்த விண்ணப்பங்களில் பாதி உருப்படும் என்பது எங்கள் முடிவு. கட்டளை வாங்கிய பிறகு அதைக் கோட்டை விடுவது வாதத்தால் அல்ல, பெரும்பாலும் பிணையால்தான்.

வாங்குமுன் தெரிய வேண்டியது

குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 763ஆம் பிரிவு இரண்டு நிபந்தனைகள் வைக்கிறது. நிறுத்தாவிட்டால் தமக்குக் கணிசமான இழப்பு வரக்கூடும் என்று தோற்றவர் நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்த வேண்டும். கடைசியில் தம்மைக் கட்டுப்படுத்தப்போகும் டிக்கிரியை (தீர்ப்பின்படி நீதிமன்றம் எழுதும் முறையான கட்டளையை) ஒழுங்காக நிறைவேற்றுவதற்குப் பிணையும் கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே வேண்டும். கையில் கோடிக்கணக்கில் பிணை இருக்கிறது, இழப்புக்குச் சான்று இல்லை என்றால் பயனில்லை. கண்ணீர் வரவைக்கும் சத்தியக்கடதாசி இருக்கிறது, பிணை இல்லை என்றாலும் அப்படியே.

இழப்பு என்றால் எவ்வளவு? பழைய அளவுகோல் கடுமையானது. சொக்கலால் ராம் சேட் எதிர் நாடார் வழக்கு, புதிய சட்ட அறிக்கைகளின் 41ஆம் தொகுதியில் 89ஆம் பக்கத்தில் உள்ளது. ஈடுசெய்ய முடியாத தீங்கு வருமென்றால்தான் நிறுத்தலாம், வெறும் வசதிக்குறைவும் மனச்சங்கடமும் வென்றவரிடமிருந்து டிக்கிரியின் பலனைப் பறிக்கப் போதாது என்பது அதன் சாரம். இன்றைய பிரிவின் சொல் 'கணிசமான இழப்பு' என்று சற்று இளகியிருக்கிறது. ஆனால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்தப் பழைய வரியை இன்னும் எடுத்து வாசிப்பார். "கொழும்பிலே வீடு கிடைப்பது கஷ்டம்" என்ற ஒற்றை வசனத்தோடு வருபவர்கள் அந்த இடத்திலேயே விழுகிறார்கள்.

இழப்பைக் காட்டக் கடதாசி வேண்டும். புறக்கோட்டையில் கடை என்றால் வியாபாரப் பதிவு, கடைசி மூன்று வருட வருமான வரிக் கடதாசிகள், இருப்புப் பட்டியல், சம்பளப் பதிவேடு, முற்பணம் வாங்கிய கட்டளைகள். வெள்ளவத்தையில் வீடு என்றால் மாற்று வீடு தேடியதற்கான சான்று: விளம்பரங்களின் வெட்டுத்துண்டு, தரகரின் கடிதம், கேட்ட முற்பணத் தொகை. தேடியதாகச் சொல்வதும் தேடியதைக் காட்டுவதும் நீதிமன்றத்தில் வேறு வேறு விலை போகும். பிள்ளையின் பாடசாலை பக்கத்தில் என்பதைக் கூடுதல் காரணமாகச் சேர்க்கலாம். அதை மட்டும் நம்பி வரக்கூடாது.

காசு டிக்கிரியில் இழப்பைக் காட்டுவது இன்னும் கடினம். காசு கொடுத்தால் பிறகு திரும்ப வாங்கலாம் என்பதே எதிர்த்தரப்பின் பதில். அதற்கு மறுபதில் ஒன்றுதான் எடுபடும்: வென்றவரிடம் திருப்பித்தர வசதி இல்லை, அல்லது அவர் நாட்டை விட்டுப் போகப்போகிறார், அல்லது கம்பனி இயங்கவே இல்லை. இதற்கும் சான்று வேண்டும். கம்பனிப் பதிவாளரிடம் எடுத்த உறுதிசெய்த பிரதி ஒன்று, அரைமணி நேர வாதத்துக்குச் சமம்.

மேன்முறையீட்டில் தீர்க்கப்பட வேண்டிய பாரமான சட்டப் பிரச்சினை இருக்கிறதா என்பதையும் நீதிமன்றங்கள் எடை போடுகின்றன. ஆனால் தீர்ப்பை எழுதிய நீதிபதியின் முன்னாலேயே பெரும்பாலும் இந்த விண்ணப்பம் போகிறது என்பதை மறக்கக்கூடாது. "தீர்ப்பு பிழை" என்று இருபது பக்கம் எழுதுவதைவிட, பிரச்சினை இன்னது என்று இரண்டு பந்தியில் சொல்லிவிட்டு இழப்புக்கும் பிணைக்கும் போவது புத்தி.

எதற்கு இந்தச் சேவையே தேவையில்லை என்பதும் முக்கியம். உரிமையை மட்டும் பிரகடனப்படுத்திய டிக்கிரியில் நிறைவேற்ற ஒன்றுமில்லை, எனவே நிறுத்தவும் ஒன்றுமில்லை. வராமல் விட்டதால் ஒருதலைப்பட்சமாக வந்த தீர்ப்புக்கு மேன்முறையீடே கிடையாது. டிக்கிரி கையளிக்கப்பட்டு 14 நாட்களுக்குள் அதே சட்டக்கோவையின் 86ஆம் பிரிவின் கீழ் அதை நீக்கக் கேட்க வேண்டும். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வங்கிப் பணிப்பாளர் சபை தீர்மானம் எடுத்து ஈட்டை ஏலம் விடுவது நீதிமன்ற டிக்கிரியே அல்ல. அதற்கு 763ஐக் காட்டி விண்ணப்பம் அடிப்பவரிடம் காசு கொடுக்க வேண்டாம்.

நாள் கணக்கு

மேன்முறையீடு உயிரோடு இருந்தால்தான் நிறுத்தக் கட்டளையும் உயிரோடு இருக்கும். மேன்முறையீட்டு அறிவித்தலை 14 நாட்களுக்குள் அதே மாவட்ட நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். தீர்ப்பு நாள், அறிவித்தல் கொடுக்கும் நாள், ஞாயிறுகள், பொது விடுமுறைகள் கழியும். சனிக்கிழமை கழியாது. இங்கேதான் தடுக்கி விழுவார்கள். தீர்ப்பு 1ஆம் திகதி திங்கட்கிழமை, நடுவில் 11ஆம் திகதி வியாழன் போயா விடுமுறை என்று வையுங்கள். 2 முதல் 6 வரை ஐந்து நாள், 8 முதல் 10 வரை மூன்று, 12, 13 இரண்டு, 15 முதல் 18 வரை நாலு. பதினாலாவது நாள் 18ஆம் திகதி வியாழக்கிழமை. கொடுக்கும் நாளும் கழியும் என்று ஒருநாள் இழுக்கலாமே என்று கேட்பவர், அதை வாதாட வேண்டிய நிலைக்கு ஏன் போக வேண்டும் என்றும் யோசிக்கட்டும்.

மேன்முறையீட்டு மனு 60 நாட்களுக்குள். இந்த 60இல் ஞாயிறும் கழியாது, போயாவும் கழியாது, எல்லாம் சேர்த்தி. அறிவித்தலைக் கொடுத்துவிட்டு, நிறுத்தக் கட்டளையும் வாங்கிவிட்டு, மனுவை 63ஆம் நாள் கொண்டுபோய் எல்லாவற்றையும் இழப்பது இங்கே புதிய கதை அல்ல.

அறிவித்தலில் கையொப்பமிடுவது மேன்முறையீட்டாளரோ வழக்கேட்டில் இருக்கும் பதிவுச் சட்டத்தரணியோதான். தோற்ற கோபத்தில் சட்டத்தரணியை மாற்றுபவர்கள் கவனிக்க வேண்டும்: பழைய பிறொக்சி (சட்டத்தரணிக்கு வழக்கை நடத்தக் கொடுத்த அதிகாரப் பத்திரம்) நீதிமன்றத்தின் அனுமதியோடு இரத்தாகாமல் புதியவர் இட்ட கையொப்பம் செல்லாது. இந்தப் பதினாலு நாளும் பழையவரோடு சமாதானமாகப் போவதே மலிவு.

இன்னொரு குழப்பம். அறிவித்தலோடு கொடுக்கும் பிணை எதிராளியின் மேன்முறையீட்டுச் செலவுக்கானது, சிறிய தொகை. டிக்கிரியை நிறுத்தக் கொடுக்கும் பிணை வேறு. "பிணை கட்டியாச்சு" என்று கந்தோரில் சொன்னால், எந்தப் பிணை என்று கேளுங்கள்.

நாலு பிணைகளும் எங்கள் மதிப்பும்

முதலில் எவ்வளவுக்குப் பிணை என்று கணக்குப் பார்க்க வேண்டும், ஏனெனில் பிழைகளின் தாய் இதுதான். முதல் 40 இலட்சம், வட்டி வருடம் 12 வீதம், வழக்குப் போட்டு ஐந்து வருடம் என்று வைப்போம். வருட வட்டி 4.8 இலட்சம், ஐந்து வருடத்துக்கு 24 இலட்சம், தீர்ப்பு நாளில் 64 இலட்சம். பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். மேன்முறையீடு நாலு வருடம் இழுத்தால்? முதலுக்கு மட்டும் வட்டி என்றால் இன்னும் 19.2 இலட்சம், மொத்தம் 83.2 இலட்சம். ஆனால் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 192ஆம் பிரிவு, டிக்கிரித் திகதிக்குப் பிறகு மொத்தத் தொகைக்கே வட்டி போட இடம் தருகிறது. டிக்கிரி அப்படிச் சொல்லி, வீதமும் அதே 12 என்றால் வருடத்துக்கு 7.68 இலட்சம், நாலு வருடத்துக்கு 30.72, கூட்டினால் 94.72 இலட்சம். ஒரே டிக்கிரியை இரண்டு விதமாக வாசித்தால் பதினொன்றரை இலட்சம் வித்தியாசம். தீர்ப்பை அல்ல, டிக்கிரியின் சொற்களை எடுத்து வைத்துக் கணக்குப் போடுங்கள்.

*வங்கி உத்தரவாதம்.* பார்க்க மிடுக்கானது, நீதிமன்றமும் விரும்பும். ஐந்துக்கு மூன்றுதான் கொடுப்போம். வங்கியில் ஏற்கெனவே கடன் வசதி இல்லாத ஒருவரிடம் பெரும்பாலும் முழுத் தொகைக்கும் நிலையான வைப்பை ஈடாகப் பிடிப்பார்கள். மேலே தரகுக் கட்டணம், அதுவும் உத்தரவாதம் உயிரோடு இருக்கும் காலமெல்லாம். அதாவது உங்கள் காசும் முடங்கும், அதற்கு நீங்கள் வாடகையும் கட்டுவீர்கள். வைப்புக்கு வட்டி வருவதால் ஓரளவு ஈடாகும் என்பது மட்டும் ஆறுதல்.

அது உடையும் இடங்கள் நாலு. ஒன்று, காலாவதி. வங்கியின் அச்சுப் படிவத்தில் ஒரு வருடம் என்று இருக்கும். மேன்முறையீடு ஒரு வருடத்தில் முடியாது. புதுப்பிக்க மறந்த மறுநாள் எதிராளி றிட்டுக்கு நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்திடம் கட்டளை கேட்கும் சிறு விண்ணப்பம்) போடுவார், அது நியாயமும்கூட. "மேன்முறையீடு இறுதியாகத் தீர்க்கப்படும்வரை" என்றோ, குறைந்தது "பதிவாளருக்கு முன்னறிவித்தல் இன்றிக் காலாவதியாகாது, தானாகப் புதுப்பிக்கப்படும்" என்றோ எழுதச் சொல்லி முகாமையாளரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். இரண்டு, யாருக்கு என்பது. உத்தரவாதம் கொழும்பு மாவட்ட நீதிமன்றப் பதிவாளரின் பெயருக்கு இருக்க வேண்டும். எதிராளியின் பெயருக்கு எழுதிவந்தால், நீதிமன்றத்தைக் கேட்காமலே அவர் வங்கிக்குப் போகலாம். மூன்று, எப்போது கொடுப்பது. "மேன்முறையீடு தள்ளுபடியானால்" என்று மட்டும் எழுதினால், மேன்முறையீடு கைவிடப்பட்டால், வாபஸ் பெறப்பட்டால், தொகை குறைக்கப்பட்டு ஏற்கப்பட்டால் என்ன? எதிர்த்தரப்பு இதைச் சரியாகப் பிடிக்கும். நாலு, வழக்கிலக்கம். ஒரு எழுத்துப் பிழை போதும், பதிவகம் திருப்பி அனுப்பும். வங்கியின் தலைமைக் கந்தோருக்குப் போய்த் திருத்தி வர ஒரு கிழமை போய்விடும்.

கையொப்பம் வாங்குமுன் வரைவை எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குக் காட்டி, ஆட்சேபனை இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்ல பழக்கம். பெருமைக் குறைவு ஒன்றும் இல்லை, ஒரு தவணை மிச்சம்.

*காசு வைப்பு.* ஐந்துக்கு நாலு. வாதத்துக்கு இடமில்லாத பிணை. காலாவதி இல்லை, பெறுமதி குறையாது, உறுதி பார்க்கத் தேவையில்லை. காசு டிக்கிரியில் முழுத் தொகையையும் வைக்க முடிந்தவருக்கு இதைத்தான் சொல்வோம். குறை ஒன்று: வட்டி வரும் கணக்கில் இடும்படி கட்டளையிலேயே எழுதிக் கேட்காவிட்டால், சும்மா கிடக்கும் காசைத்தான் நாலு வருடம் கழித்து எடுப்பீர்கள். அந்த வட்டி யாருக்கு என்பதையும் அதே கட்டளையில் சேர்த்துக்கொள்ளுங்கள். வைப்புச் சீட்டின் மூலப்பிரதி வழக்கேட்டுக்கு, உறுதிசெய்த பிரதி உங்களுக்கு.

ஒரு எச்சரிக்கை. எதிராளி வைப்பை உடனே எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். பிணையாக வைப்பதும் டிக்கிரிப் பணமாகக் கட்டுவதும் வேறு வேறு. நகர்த்தல் பத்திரத்தில் "763ஆம் பிரிவின் கீழ்ப் பிணையாக" என்ற சொற்கள் இல்லாமல் காசைக் கட்டக்கூடாது.

*காணி, வீடு.* மூன்றரை. கையில் காசில்லை, காணி இருக்கிறது என்பவர்களே புதுக்கடையில் அதிகம், எனவே இதுதான் அதிகம் விற்பனையாகும் சரக்கு. வேண்டியவை: மூல உறுதி, 30 வருடங்களுக்குக் காணிப் பதிவகத்தின் பதிவேட்டுப் பிரதிகள், நிலஅளவைப் படம், சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டு, அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரின் அறிக்கை. பிறகு பதிவாளரின் பெயருக்கு ஈட்டுமுறி எழுதிப் பதிய வேண்டும். பதியாத முறியைப் பதிவகம் வாங்கி வைத்தாலும் எதிராளி விடமாட்டார்.

மதிப்பீட்டு அறிக்கையில் இரண்டு தொகை இருக்கும்: சந்தைப் பெறுமதி, அவசர விற்பனைப் பெறுமதி. நீதிமன்றத்தின் கண் இரண்டாவதில் இருக்கும் என்று எண்ணியே காணியைத் தெரிவு செய்யுங்கள். 94 இலட்சத்துக்குப் பிணை என்றால் சந்தைப் பெறுமதி ஒரு கோடி உள்ள காணி போதாது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடி வீடுகளில் சிக்கல் கூட. தொடர்மாடியைத் தனித்தனி வீடுகளாகப் பிரிக்கும் ஆதனத் திட்டப்படம் பதியப்பட்டதா, கட்டுநர் வங்கிக்கு வைத்த பழைய ஈடு உங்கள் வீட்டுக்கு விடுவிக்கப்பட்டதா, முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கு நிலுவை உண்டா என்று பார்க்க வேண்டும். விற்பனை உடன்படிக்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு "வீடு என்னுடையது" என்பவர் அதைப் பிணையாக வைக்க முடியாது.

உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருந்தால், அவர் சார்பில் இங்கே ஒருவர் செயற்பட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் வேண்டும். அதில் விற்கவும் குத்தகைக்கு விடவும் அதிகாரம் இருப்பது போதாது. மற்றொருவரின் கடப்பாட்டுக்காக ஈடு வைக்கும் அதிகாரம் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்க வேண்டும், இங்கே பதியப்பட்டும் இருக்க வேண்டும். அண்ணன் தம்பிக்காக வைக்கும் ஈடுகளில் இந்த வரி இல்லாமலே பாதி வருகின்றன. சீதனமாக எழுதிய காணியில் பெற்றோருக்கு ஆயுட்கால உரிமை இருந்தால் அவர்களும் கையொப்பமிட வேண்டும்.

*ஆள்பிணை.* ஐந்துக்கு ஒன்றரை. சட்டம் இடம் கொடுக்கிறது, சிறிய தொகைக்கு நீதிபதிகள் ஏற்பதும் உண்டு. பெரிய தொகையில் எதிர்ப்பு வரும்: பிணையாளரின் சொத்து என்ன, வேறு வழக்கில் கையொப்பமிட்டாரா. கடைசியில் அவருடைய காணி உறுதியைத்தான் கேட்பார்கள். அப்படியென்றால் நேரே காணியை வைத்துவிடலாம். உறவும் மிஞ்சும்.

வெளியேற்றும் டிக்கிரி: தனிக் கணக்கு

வாடகை வழக்கில் நிலைமை வேறு. இங்கே கேட்பது ஒரு தொகை அல்ல, சாவி. வீட்டுக்காரருக்கு மேன்முறையீட்டுக் காலத்தில் வரும் நட்டம் மாதாமாதம் கூடிக்கொண்டு போகிறது. எனவே நன்றாக வேலை செய்வது மாத வைப்பு. எங்கள் மதிப்பில் நாலரை. இந்தப் பட்டியலில் அதிகம் வாங்கியது இதுதான்.

டிக்கிரியில் நட்டஈடு மாதம் 75,000 ரூபா என்று இருந்தால், நிலுவையை ஒரே தடவையில் பிணையாக வைத்து, அதன்பின் ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதிக்குள் 75,000ஐ வைப்பதாகக் கேட்கலாம். கூடவே இந்த உறுதிமொழிகள்: கீழ்வாடகைக்கு விடமாட்டேன், உருமாற்றம் செய்யமாட்டேன், மூன்றாமவரைக் குடியேற்றமாட்டேன், மின்சாரமும் தண்ணீரும் சோலைவரியும் நிலுவை வைக்கமாட்டேன். கேட்கும்முன் நீங்களாகவே இவற்றை எழுதிவைத்தால் நீதிபதிக்கு நிபந்தனை தேடும் வேலை மிச்சம்.

பலவீனம் ஒழுங்கில் இருக்கிறது. ஒரு மாதம் தவறினால் கட்டளை விழும் என்ற வாசகம் வழக்கமாகச் சேர்க்கப்படும். 10ஆம் திகதி போயா என்றால் 9ஆம் திகதிக்குள். வைப்புச் சீட்டைக் கடை லாச்சியில் போடாமல் ஒவ்வொரு மாதமும் நகர்த்தல் பத்திரத்தோடு வழக்கேட்டில் சேர்க்க வேண்டும். மூன்று வருடம் கழித்து "கட்டினேன், சீட்டைக் காணோம்" என்பது வாதம் அல்ல.

கடையை வாடகைக்கு எடுக்கப் பகடி என்று முன்பு கொடுத்த பெருந்தொகையை இழப்பாகக் காட்டலாமா என்று புறக்கோட்டைக்காரர்கள் கேட்பார்கள். பற்றுச்சீட்டு இல்லாத காசை இழப்பாகக் காட்டப் போனால் வேறு கேள்விகள்தான் வரும். வியாபாரத்தின் பெயர், வாடிக்கையாளர், இருப்பு என்று காட்டக்கூடியதைக் காட்டுங்கள்.

பக்கச் சேவைகள்

சத்தியக்கடதாசி தட்டெழுதும் சேவையில் பார்க்க வேண்டியவை மூன்று. இந்து, பௌத்தர் என்றால் உறுதிமொழி, கிறிஸ்தவர் என்றால் சத்தியம். மேலே ஒன்றும் கீழே மற்றொன்றும் இருப்பது பழைய படிவத்தை அப்படியே பிரதி எடுப்பதால் வருவது. ஆங்கிலத்தில் எழுதி, கையொப்பமிடுபவருக்குத் தமிழ் மட்டும் தெரியும் என்றால், அவருடைய மொழியில் வாசித்து விளக்கப்பட்டது, விளங்கிக்கொண்டார் என்று உறுதிப்படுத்தும் பகுதியில் எழுதியே ஆகவேண்டும். அதே சட்டக்கோவையின் 439ஆம் பிரிவு அப்படி. கொட்டாஞ்சேனையில் வாழும் எழுபது வயது அம்மாவின் பெயரில் நல்ல ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் வந்து, இந்த ஒரு வரி இல்லாவிட்டால், எதிராளிக்கு அது விருந்து. மூன்றாவது, அதே வழக்கில் தோன்றும் சட்டத்தரணியே சத்தியப்பிரமாண ஆணையாளராகக் கையொப்பமிடக்கூடாது. பக்கத்துக் கந்தோருக்குப் போக இரண்டு நிமிடம்தான்.

மொழிபெயர்ப்புக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடமே கொடுங்கள். தமிழ் உறுதிகளில் வரும் எல்லை விவரங்களைச் சுருக்கி எழுதும் பழக்கம் சிலரிடம் உண்டு. மதிப்பீட்டாளரின் அறிக்கையோடு எல்லை ஒத்துவராவிட்டால் பிணை தள்ளப்படும்.

உறுதிசெய்த பிரதிகளுக்கு நிறுத்த விண்ணப்பம் போடும் நாளிலேயே பதிவகத்தில் கோரிக்கை கொடுத்துவிடுங்கள்: தீர்ப்பு, டிக்கிரி, நாட்குறிப்புப் பதிவுகள். மாவட்ட நீதிபதி மறுத்தால் அதே கிழமையில் மேல் மாகாணக் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்கு மீளாய்வு மனு கொண்டுபோக வேண்டியிருக்கும். பிரதி கையில் இல்லாமல் அங்கே வாசலில் நிற்பதில் பயனில்லை. மீளாய்வுக்கு விசேட சூழ்நிலை காட்ட வேண்டும், எதையும் மறைக்கக்கூடாது. மாவட்ட நீதிமன்றம் நிபந்தனையோடு நிறுத்தத் தயாராக இருந்ததை மறைத்து "மறுத்துவிட்டது" என்று எழுதிய மனு, அந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளப்படலாம்.

கட்டணம் பேசும்போது ஒரே தொகையாகப் பேசாமல் பிரித்துக் கேளுங்கள்: அறிவித்தலுக்கு எவ்வளவு, மனுவுக்கு, நிறுத்த விண்ணப்பத்துக்கு, தவணை ஒன்றுக்கு, நொத்தாரிசுக்கு, பதிவுச் செலவு, மீளாய்வுக்குப் போனால் வேறாகவா. பிரித்துச் சொல்ல மறுக்கும் கந்தோரில், பிணை வேலையை யார் செய்கிறார் என்பதும் தெளிவாக இருக்காது.

பிஸ்கால் வாசலுக்கு வந்துவிட்டால்

மேன்முறையீடு செய்யப்பட்ட டிக்கிரியை நிறைவேற்றக் கேட்கும்போது தோற்றவரை எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும் என்பதே விதி. ஆனால் மேன்முறையீட்டு அறிவித்தல் வழக்கேட்டில் கோக்கப்படாமல் எங்கோ கிடந்தால், உங்களுக்குத் தெரியாமலே றிட் வெளிவரக்கூடும். அதனால் அறிவித்தல் கொடுத்த மறுகிழமை பதிவகத்துக்குப் போய், நாட்குறிப்பில் அது பதியப்பட்டதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். எந்த நிபுணத்துவமும் வேண்டாத வேலை, அதனாலேயே யாரும் செய்வதில்லை.

பிஸ்காலோடு, அதாவது றிட்டை நிறைவேற்ற வரும் நீதிமன்ற உத்தியோகத்தரோடு, வாதாடிப் பயனில்லை. மேன்முறையீட்டு மனுவின் பிரதியைக் காட்டினாலும் அவர் நிற்கக் கடமைப்பட்டவர் அல்ல. நீதிமன்றத்தின் எழுத்துக் கட்டளை மட்டுமே அவரை நிறுத்தும். ஒருவர் வாசலில் நிற்கட்டும், மற்றவர் அவசர நகர்த்தல் பத்திரத்தோடு புதுக்கடைக்கு ஓடட்டும். தடுப்பது, பூட்டுவது, ஆட்களைக் கூட்டுவது எல்லாம் அடுத்த விண்ணப்பத்தில் உங்களுக்கு எதிராகவே வாசிக்கப்படும். சாவி கைமாறிவிட்டால் நிறுத்த ஒன்றும் மிஞ்சாது. மேன்முறையீட்டில் வென்று, பிறகு இருப்பைத் திரும்பப் பெறுவதுதான் வழி.

மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்திலும் தோற்று உயர் நீதிமன்றத்துக்கு அனுமதி கேட்கும்போது, பழைய கட்டளை தானாக நீளும் என்று எண்ண வேண்டாம். அனுமதி மனுவுக்கு ஆறு கிழமை உண்டு, ஆனால் றிட் அதுவரை காத்திருக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. நிறுத்தக் கோரிக்கையை மனுவிலேயே சேர்த்து, வங்கி உத்தரவாதத்தின் சொற்கள் அந்தக் காலத்தையும் மூடுகின்றனவா என்று மறுபடி வாசிக்க வேண்டும்.

வென்றாலும் வேலை உண்டு. பிணையை விடுவிக்க நகர்த்தல் பத்திரம் போட்டு, ஈட்டை இரத்துச் செய்யும் முறியைக் காணிப் பதிவகத்தில் பதிந்து, பதிவேட்டுப் பிரதி ஒன்று எடுத்து வில்லங்கம் நீங்கியதா என்று பாருங்கள். வழக்கு முடிந்து பல வருடம் கழித்துக் காணியை விற்கப் போகும்போது, பழைய ஈடு இன்னும் பதிவில் நிற்பதைக் கண்டு கொழும்புக்கு ஓடிவருபவர்கள் இருக்கிறார்கள். அதற்குள் பழைய வழக்கேடு பதிவறையின் அடித்தட்டுக்குப் போயிருக்கும்.